மூன்றாவது பின்னில் ஒரு பிசிறு

செப்டம்பர் 14, ஞாயிறு.
இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அப்பாவின் பூட்டை அவரிடம் கேட்காமல் எடுத்தேன். மதியம் இரண்டே கால் முதல் மூன்று மணி வரை வைத்திருந்தேன். ஒருமுறை கம்பியால் திறந்தேன். ஒருமுறை கம்பி வழுக்கி, உள்ளே ‘கிரிக்’ என்று சத்தம் கேட்டது. உள்ளே இருக்கும் பின்களில் மூன்றாவது என்று தோன்றியது. ஆணியில் தொங்கிய சாவியைப் போட்டுப் பார்த்தேன், திறந்தது. பூட்டை இருந்தபடியே மாட்டிவிட்டேன். சேதம் இல்லை என்று நினைக்கிறேன். ‘நினைக்கிறேன்’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் சின்னவளுக்கு மூச்சு சீராக வந்தது. எதையும் தேதி போட்டு எழுதி வைத்தால்தான் அவளுக்கு அது நடந்ததாகவே தோன்றும். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிகளின் காதுப் பட்டையில் கடுகளவு திருகாணியை முடுக்கிவிட்டு, சரியாக முடுக்கினோமா என்று இன்னொரு தரம் பார்ப்பாள். அப்படியும் வீட்டுக்கு வரும் வழியில் சந்தேகம் வந்துவிடும். செவ்வாயும் சனியும் மாலை ஆறு மணிக்குப் பூட்டு வகுப்பு. மாலைக் கல்விக் கூடத்தில் ஒருபக்க அறையில் தையல், மறுபக்க அறையில் டைப்பிங். நடு அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்து, சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழகினார்கள். பிழைப்புக்காக அல்ல. சிலர் குறுக்கெழுத்துப் போடுவதில்லையா, அதுபோல.

“திருட்டுப் பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்ன பாடம்? பூட்டு முடிஞ்சு ஓடு பிரிக்கிறதுக்கு வந்துட்டீங்களா?” என்று ஒவ்வொரு செவ்வாயும் சனியும் அப்பா கேட்பார். பக்கவாதம் வந்து இரண்டு வாரம் நாக்குப் புரளாமல் கிடந்து மீண்டவர் முதலில் சொன்ன கேலியே இதுதான் என்பதால், அவளுக்கு அது பழசாகவும் இல்லை, புளிக்கவும் இல்லை.

வகுப்பில் இருபத்திரண்டு பூட்டுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கும். பூட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பின்கள் உண்டு. சரியான சாவி போனால் அத்தனையும் தத்தம் உயரத்துக்கு வந்து நிற்கும், சாவித்துளை உள்ள உருளை திரும்பும். சாவி இல்லாதவர்கள் ஒரு கையால் தகடு வைத்து உருளையை இலேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொக்கி முனைக் கம்பியால் பின்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அந்த முறுக்கு இலேசாக இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வகுப்பை நடத்துகிறவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். சின்னவளைவிட நாலே வயது மூத்தவள். எல்லோருக்கும் அவள் பல் அக்கா. முரண்டு பிடிக்கும் பூட்டிடம்கூட “எங்க, ஆ காட்டு” என்பாள். அவள் மேஜையில் தேய்மான நோட்டு என்று ஒன்று இருக்கும். எந்தப் பூட்டு எத்தனை தடவை திறக்கப்பட்டது, எங்கே தேய்ந்தது, எங்கே கீறியது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் இரண்டு விதிகள். உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே. உன்னுடையதே ஆனாலும், உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே.

சின்னவள் இரண்டையும் ஒரே மதியத்தில் மீறியிருந்தாள். காரணம் சனிக்கிழமை வகுப்பு. ஒரு மாதமாக ஆறு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று அவளை வாட்டிய ஏழாம் எண் பூட்டு அன்று நாலே வினாடியில் வாயைத் திறந்துவிட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தனக்குக் கை வந்துவிட்டது என்று வாழ்நாளில் முதல்முறையாக நம்பினாள். நிஜப் பூட்டு ஒன்றில் பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

வீட்டில் இருந்த நிஜப் பூட்டு, அப்பாவின் பச்சை இரும்புப் பெட்டியில் தொங்கியது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளர். ஜூனில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், “தினமும் செய்யற வேலையையே செய்யுங்க. பட்டன் போடுங்க, சாவி திருப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். காலை மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வலது கையால் திறந்தால்தான் மாத்திரை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். எத்தனை வினாடி ஆயிற்று என்பதைக் கேலண்டர் கட்டத்தில் எழுதுவார். ஜூலை முதல் வாரத்தில் 540. ஆகஸ்டில் 200, 160, 95. செப்டம்பர் பதினான்காம் தேதிக் கட்டத்தில் 22. வரும் வெள்ளிக்கிழமை தொழிற்சாலை டாக்டர் கையைப் பார்த்து, வேலைக்குத் திரும்பலாமா என்று சொல்வதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அப்பா சாவியைப் போட்டார். சாவி போயிற்று, திரும்பவில்லை. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். சின்னவள் சமையலறை வாசலில் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். நெற்றியில் வியர்வை அரும்பிய பிறகு ஒருவழியாகத் திறந்தது. அப்பா கேலண்டரில் 190 என்று எழுதினார். எழுதிய எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா தூங்கலப்பா நீங்க” என்றாள் சின்னவள்.

“நல்லாத்தான் தூங்கினேன்” என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை திறக்கவே இல்லை. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு மூத்த மகள், பெரியவள், வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மூடி இறுகிய பாட்டில் எதுவானாலும் வீட்டில் அவளிடம்தான் போகும். “குடுங்கப்பா” என்று சாவியை வாங்கி, பூட்டை ஒரு உலுக்கு உலுக்கித் திருப்பினாள். திறந்துகொண்டது.

“பாருங்க, திறக்குது. இதுக்குப் போயி.”

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. “அதான் பாத்தேனே” என்றார். “பூட்டுக்கு ஒண்ணுமில்ல.” வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டார். கேலண்டர் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு இழுத்தார்.

சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தது வாய்வரை வந்தது. ஆனால் பெரியவளுக்குத் திறந்ததே. பூட்டில் கோளாறு என்றால் அவளுக்கு எப்படித் திறக்கும்? ஒருவேளை நிஜமாகவே கைதானோ என்னவோ. தெரியாமல் உளறி, பிறகு இல்லை என்று ஆகிவிட்டால்? இப்படித் தனக்குத்தானே வழக்காடிக்கொண்டே கடைக்குப் போய், மூன்று திருகாணிகளைத் தவறவிட்டாள்.

அன்று மாலை வகுப்பில் ஏழாம் எண் பூட்டு மூன்றே முக்கால் வினாடியில் திறந்தது. பல் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

பல் அக்கா அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள், காதருகே குலுக்கினாள். “நோட்டப் பாத்தியா நீ?”

நோட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே எழுதியிருந்தது: முந்நூறு தடவைக்கு மேல். பின் முனைகள் மழுங்கிவிட்டன. உருளை ஆடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நம்பிக்கை வருவதற்கு மட்டும்.

“இது பூட்டே இல்லடி. பல்லு போன வாய். யார் விரல விட்டாலும் கடிக்காது.”

“அப்ப நான் திறந்தது?”

“நீ ஒழுங்காத்தான் பண்றே. ஆனா அந்த நாலு செகண்டு உன்னோடது இல்ல, பூட்டோடது.”

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையைப் பற்றி ஒரு பூட்டு சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள். வீட்டில் இன்னொருவர் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு பூட்டுல கம்பி வழுக்கி, கிரிக்குனு சத்தம் வந்தா... அப்புறம் சாவி போட்டா ஒருத்தருக்குத் திறந்து, இன்னொருத்தருக்குத் திறக்காம போகுமா?”

“போகுமே. முறுக்க அதிகமா குடுத்துட்டு நோண்டினா பித்தளை சுரண்டிக்கும். சின்னதா ஒரு பிசிறு எழும்பி, பின் இருக்கற குழியில நிக்கும். பின் சரியா கீழ விழாது. உலுக்கித் திருப்பறவங்களுக்கு விழுந்துரும். மெதுவா திருப்பறவங்களுக்கு மாட்டிக்கும்.” பேனாவை எடுத்து நோட்டைப் புரட்டினாள். “எந்த நம்பர்?”

“நம்பர் இல்ல.”

பல் அக்கா பேனாவை மூடினாள். “உபயோகத்துல இருக்கறதா?”

“அப்பாவோடது.”

பக்கத்து அறையில் தையல் மிஷின் ஒன்று ஓடி நின்றது. பல் அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து அவள் கையில் வைத்தாள். பென்சில் முனைக் கரித்தூள். “சாவித்துளையில ஊதிட்டு நாலு தட்டு தட்டு. திறக்கும்.” பிறகு, “அப்பாகிட்ட சொல்லிட்டியா?” என்றாள்.

சின்னவள் பொட்டலத்தைப் பையில் போட்டு, பையின் ஜிப் சரியாக மூடியதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பெரியவள் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லச் சொல்ல, உடல்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன் என்பது வரை வந்திருந்தது. பெரியவளின் மூக்கு சிவந்திருந்தது.

“என்னப்பா இது? வெள்ளிக்கிழமை டாக்டர் பாக்கட்டுமே.”

“டாக்டர் சொல்லி வெளிய வர்றதவிட, நானே சொல்லிட்டு வந்துரலாம்.” அப்பா நிதானமாகப் பேசினார். “ஸ்டோர்ல முப்பத்தாறு சாவி. இந்த ஒரு பூட்டுக்கே இந்தப் பாடு. லாரி வாசல்ல நிக்கும், நான் சாவியோட மல்லுக்கட்டிட்டு நிக்கவா?”

“ரெண்டு நாள்தானேப்பா இப்படி.”

“இருபத்திரண்டு செகண்டுக்கு வந்துட்டு ஏறுதே, அதான் பயம். ரெண்டாவது தடவை வாதம் வர்றதுக்கு முன்னாடி கை இப்படித்தான் சொல்லுமாம்.” கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “நாளைக்கு நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்.”

சின்னவள் தோளில் தொங்கிய பையைப் பற்றிக்கொண்டாள். பையில் கரித்தூள் இருந்தது. விடிந்ததும் ஊதிவிட்டால் பூட்டு திறக்கும், அப்பாவுக்கு நம்பிக்கை திரும்பும், கடிதம் குப்பைக்குப் போகும். பேச வேண்டியதே இல்லை. டைரியில் எழுதினாள்: ‘நாளை ஐந்தரைக்கு எழ வேண்டும். தூள். மூன்றாவது பின். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.’

ஐந்தரைக்கு எழுந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா அவளுக்கு முன்பே எழுந்து, சட்டை மாற்றி, கடிதத்தை மேல்பையில் வைத்துக்கொண்டு பெட்டியின் முன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. சாவி துளைக்குள் போய், அரை நூலளவு திரும்பி, நின்றது. வெளியே வந்தது. மறுபடி போயிற்று. மூன்றாம் முறை அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அவர் குனிந்து இடது கையால் அதை எடுத்து, பெட்டியின் மேல் ஓசைப்படாமல் வைத்தார். திரும்பிப் பார்த்தவர் வாசலில் அவளைக் கண்டார்.

“வா. மாத்திரைய எடுத்துக் குடு. உனக்குத்தான் சாவியே வேணாமே.”

கேலிதான். குரலில்கூடப் பழைய கேலிதான் இருந்தது. அவள் உள்ளங்கையில் பொட்டலம் நனைந்துவிட்டது.

“அப்பா, உங்க கை இல்லப்பா. பூட்டக் கெடுத்தது நான்.”

அவர் சிரித்தார். “பெரியவ சொல்லிக் குடுத்தாளா?”

“இல்லப்பா, நெஜமா. ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கறப்போ எடுத்தேன். கம்பி வழுக்கிருச்சு. உள்ள பிசிறு நிக்குது, அதான் மெதுவா திருப்பினா மாட்டுது.”

“நேத்து பெரியவ ஒரே திருப்புல திறந்தா.”

“அவ உலுக்கினா. உலுக்கினா பின் விழுந்துரும்.”

அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சரக்கு ஏன் தாமதம் என்று லாரிக்காரர் சொல்லும் காரணத்தை அவர் கேட்கும் விதம் அது. சின்னவள் ஓடிப்போய்க் கடைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, சாவித்துளையின் விளிம்பைக் காட்டினாள். மங்கிய பித்தளையில் இரண்டு கீறல்கள் புதிதாக மின்னின.

“பழைய பூட்டு, கீறல் இருக்கும்” என்றார் அவர். “என்னைத் தேத்தணும்னு நெனைக்கறே. நல்ல மனசுதான். ஆனா ஸ்டோர்ல சரக்கு உடைஞ்சு வந்தா முதல் கேள்வி என்ன தெரியுமா? என்னிக்கு உடைஞ்சது. இந்தக் கீறல்ல தேதி எழுதியிருக்கா?”

தேதி எழுதியிருந்தது. கீறலில் அல்ல. அவள் தன் அறை வாசலில் நின்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டலாம். மற்றவற்றை விரலால் மறைத்துக்கொள்ளலாம். அப்படி மறைத்தால் அவர் அதையும் நம்பமாட்டார் என்று தெரிந்தது. டைரியைத் திறந்தபடி அவர் மடியில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரசீது படிப்பதுபோல வரி வரியாகப் படித்தார். ஞாயிறு. மதியம் இரண்டே கால். கிரிக். பக்கத்தைப் புரட்டினார். திங்கள்: ‘அப்பாவுக்கு 190 வினாடி. காற்றின் ஈரம் காரணமாக இருக்கலாம். நான் காரணமாகவும் இருக்கலாம். சொல்லவில்லை.’ செவ்வாய்க்கு வந்தார். அவர் விரல் கடைசி வரியில் நின்றது.

“யாருக்கும்னா?”

“உங்களுக்கு.”

“ம்.”

அவர் டைரியை மூடினார். “திங்கக்கெழமையே தெரியுமா உனக்கு?”

“சந்தேகம்தான்ப்பா இருந்துச்சு. நேத்து வகுப்புலதான் உறுதியாச்சு.”

“எனக்கும் சந்தேகம்தான் இருந்துச்சு” என்றார் அப்பா. “எம்மேல.” வலது கையைத் தூக்கி, தன்னுடையது அல்லாத ஒரு பொருளைப் போலப் பார்த்தார். “ரெண்டு நாளா படுத்துக்கிட்டு இந்தக் கையை அந்தக் கையால பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கறேன். இருக்கா, போயிட்டிருக்கான்னு. நீ அடுத்த ரூம்ல எழுதிட்டு இருந்திருக்கே.”

மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்கு மிகச் சின்னதாகத் தெரிந்தது. விசிலைக் கழுத்தில் மாட்டியபடி வந்த பெரியவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது சுலபமாக இல்லை.

“அடிப்பாவி” என்றாள் பெரியவள். “லெட்டர் எழுத வச்சுட்டியேடி என்னை.”

“விடு” என்றார் அப்பா. “திட்ட நாள் கெடக்கு. மொதல்ல மாத்திரை.”

பெரியவள் உலுக்கித் திறந்தாள். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் விழுங்கி முடிக்கும்வரை நின்றுவிட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். “இத ஊதினா சரியாயிரும்ப்பா. இப்பவே பண்ணிடறேன்.”

“அதுல இனிமே கை வைக்காதே. நீ ஊதி, நான் திருப்பி, திறந்துச்சுன்னு வை. பூட்டு சரியாச்சா, கை சரியாச்சா? எனக்கு எப்படித் தெரியும்?”

“பூட்டுதான் கெட்டிருக்குன்னு டைரியில...”

“பூட்டு கெட்டுதுன்னு டைரி சொல்லுது. கை நல்லா இருக்குன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றல்ல. அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. தான் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் எண்ணியிருந்தாள்.

“ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் புதுப் பூட்டு வாங்கிட்டு வரட்டுமாப்பா?”

“இன்னிக்கு வேண்டாம்.” அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. “இது கோவத்துல ஆடுதா, நோயில ஆடுதான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. நாளைக்குப் பாப்போம்.”

மேல்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பச்சைப் பெட்டிக்கு அடியில் செருகினார். பிறகு கேலண்டரை ஆணியிலிருந்து இறக்கச் சொல்லி, பேனாவைச் சின்னவளிடம் கொடுத்தார்.

“பதினஞ்சு, பதினாறு, பதினேழு. மூணு கட்டத்துலயும் எழுது. பூட்டு பழுது.”

எழுதினாள். திங்கட்கிழமையின் 190-க்கு மேல் இடமில்லாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.

“யாரால?”

“என்னால்” என்று மூன்று முறை எழுதினாள். எழுத்துகள் ஒரே அளவில் வரவில்லை. அவள் சரிபார்க்கவும் இல்லை.

அப்பா பேனாவை வாங்கி, வலது கையால் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ஸ்டோரில் பழுதுச் சீட்டுகளில் போடும் அதே கையெழுத்து. நீண்ட நேரம் பிடித்தது. கடைசிச் சுழி கட்டத்தைத் தாண்டி அடுத்த வாரத்துக்குள் போய் நின்றது. பெரியவளும் சின்னவளும் அதைப் பார்த்தார்கள்.

அன்று மாலை கடையிலிருந்து வந்ததும் சின்னவள் டைரியைத் தேடினாள். அது பெட்டியின் மேல், சாவிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று கேட்காமல் விட்ட திருட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்றும் அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் டைரியை எடுத்துப்போய் எழுதினாள்.

செப்டம்பர் 17, புதன்.
ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ‘சிறு’ என்பதை அடித்துவிட்டேன்.
நாளை: கடை திறந்ததும் அதே அளவில் புதிய பூட்டு ஒன்று வாங்க வேண்டும். உறை பிரிக்காமல் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அவர் திறந்து பார்க்கும்வரை நான் அதைத் தொடக்கூடாது.